வெளியே போகாத அழைப்பு

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை, இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி முதல் தாளிலேயே குறித்துக்கொண்டதால் மறுபடி சொல்லவில்லை. வயது ஐம்பத்திரண்டு. தையல் கடையில் துணி வெட்டும் வேலை. கணவர் இறந்துவிட்டார். என் அண்ணி கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் நிலையத்துக்கு வரச்சொன்னதால் வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணனின் நெற்றியில் காயம் உண்டாக்கியது நான்தான். கைதவறிப் பட்டுவிட்டது என்று சொல்லும்படி வாசலில் ஒரு வக்கீல் யோசனை சொன்னார். அப்படியெல்லாம் எழுத வேண்டாம். குறி பார்த்துத்தான் எறிந்தேன்.

என் தாயார் எனக்கு அடுத்த தெருவில் தன் சொந்த வீட்டில் தனியாக இருந்துவந்தார். ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சொந்தக்காரர்கள், மருந்துக்கடை, கேஸ்காரர் என்று அத்தனை பேருடைய எண்ணும் அவருக்கு மனப்பாடம். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிவிட்டதால் செல்போன் கண்ணாடியைத் தொட்டுப் பேச அவரால் ஆகாது. பெரிய பொத்தான் வைத்த பழைய போனில் ஒவ்வொரு எண்ணாகத் தேடிக் கட்டைவிரலால் அழுத்துவார். நான் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தரமும் திரும்பி வந்ததும் ஒரு தரமும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, மழை வருமா, மாடிவீட்டுக்காரி இன்று யாரோடு சண்டை என்று பேசுவார். சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

பழைய கம்பி இணைப்பை நிறுத்தப்போவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அதனால் அண்ணன் அந்தப் பழைய போனையே இன்டர்நெட்டில் இணைக்கிற அடாப்டர் ஒன்றை வாங்கிவந்தார். அவர் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேலாளர். குடும்பத்தில் யார் வீட்டில் எந்த மெஷின் கெட்டாலும் அவர்தான் வந்து உட்காருவார், வேறு யாரும் தொடக்கூடாது. போன் வயரை அந்தப் பெட்டியில் சொருகி, லேப்டாப்பில் அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து, வெளியே பேசுவதற்கான கணக்கையும் பாஸ்வேர்டையும் பதிந்தார். அதன் பிறகு தன் செல்லுக்கு அடித்துப் பார்த்தார். எண்ணை அழுத்தி முடித்தும் மணி அடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "என்ன இது, கட்டை வண்டி மாதிரி!" என்று சலித்துக்கொண்டு ஏதோ ஒன்றை மாற்றினார். அதன் பிறகு அவர் படபடவென்று அழுத்த, உடனே மணி அடித்தது. "பாத்தீங்களாம்மா, ராக்கெட்டு!" என்றார். அம்மாவை ஒரு தரம் அழுத்திப் பார்க்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை.

அன்றோடு அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வருவது நின்றது. நான் கூப்பிட்டால் எடுப்பார். "நான் அடிச்சா ஒரு பொம்பளை வந்து அப்படி ஒரு நம்பரே இல்லைங்கறாடி. பாதிகூட அழுத்தியிருக்க மாட்டேன், அதுக்குள்ள அதுவா கிளம்பிப் போயிடுது" என்று சொன்னார். இதை அண்ணனிடம் தெரிவித்தேன். அவர் வந்து தானே அடித்துப் பார்த்துவிட்டு, "வர்ற காலும் வருது, போற காலும் போகுது, பெட்டி பக்காவா இருக்கு. அம்மாவுக்குத்தான் நம்பர் மறந்துபோச்சு" என்றார். கம்ப்யூட்டர் படித்தவர் சொன்னால் வேதவாக்கு அல்லவா! நானும் நம்பினேன். பார்த்து ஒழுங்காக அழுத்தக்கூடாதா என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அதன் பிறகு ஒருநாள் குளியலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் ஓட, போனில் யாரும் கிடைக்காமல் அம்மா வெறுங்காலோடு நடந்து என் கடைக்கே வந்துவிட்டார். அண்ணி அதைக் கேள்விப்பட்டு, அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவைத்தார்.

அதன் பிறகு அண்ணி ஒரு டாக்டரை வீட்டுக்கே அழைத்துவந்தார். டாக்டர் கிழமை, மாதம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்டார். அம்மா டக்டக்கென்று சொன்னார். அதன் பிறகு, "உங்க பொண்ணுக்கு ஒரு போன் போடுங்க பார்ப்போம்" என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அழுத்தினார். அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்றது ஸ்பீக்கர். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே பதில். உடனே அம்மா என் எண்ணை வாயால் முழுக்க ஒப்பித்துக் காட்டினார். "சொல்ல வருது, செய்ய வரல. ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னார். அம்மா ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வாரமே அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வீடு அண்ணியின் டியூஷன் வகுப்புக்கு என்று முடிவானது.

நேற்று மதியம் அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுத்துவர அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் பெஞ்சு போட ஹாலை அளந்துகொண்டிருந்தார்கள். புடவைகளை மடித்து வைக்கையில் என் செல்போன் எதற்கடியிலோ போய்விட்டது. மணி அடித்தால் தெரியும் என்று அம்மாவின் போனை எடுத்தேன். கடையில் கத்தரி பட்டு ஆள்காட்டிவிரலில் கட்டுப் போட்டிருந்ததால் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினேன். நான் முடிப்பதற்குள் அந்தப் பெண் குரல் வந்து அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அதே குரல். "அண்ணா, அம்மா சொன்ன மாதிரியே நம்பர் முடியறதுக்குள்ள போயிடுது" என்றேன்.

அண்ணி முந்திக்கொண்டு, புருஷனைக் குத்திக்காட்டும் பழக்கத்தில், "அந்த டைமைக் கூட்டி வைங்கன்னு டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே சொன்னேனா இல்லையா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எந்த டைம் என்று கேட்டேன். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் பெட்டி இத்தனை விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் அடுத்தது வராவிட்டால் அதுவரை அழுத்தியதையே முழு எண் என்று அனுப்பிவிடும், சீக்கிரம் மணி அடிக்கட்டும் என்று அதைத்தான் குறைத்து வைத்தேன் என்று அண்ணன் வகுப்பெடுப்பதுபோல விளக்கினார். அதன் பிறகு, "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? இன்னிக்கு இல்லைன்னாலும் ஒருநாள் அங்க அனுப்பத்தானே போறோம்" என்றார். அதன் பிறகுதான் போனை வயரோடு பிடுங்கி அவர் நெற்றியைப் பார்த்து எறிந்தேன். பெட்டியும் கூடவே வந்து சுவரில் மோதி உடைந்தது. ரத்தத்தைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்ததும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு செல்லைத் தேடி எடுத்துக்கொண்டு நேரே இல்லத்துக்குப் போனேன். நடந்ததை அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன். வராந்தாவில் அங்குள்ளவர்களுக்கென்று ஒரு போன் இருக்கிறது. அம்மாவைக் கைபிடித்து அழைத்துப்போய், "எனக்கு அடிங்கம்மா, எவ்வளவு மெதுவா வேணும்னாலும் அடிங்க, இது காத்திருக்கும்" என்றேன். அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "வேணாம்டி. எனக்குத்தான் மறந்துபோச்சே, எல்லாரும் சொல்றாங்களே" என்றார். சரி, வாயாலாவது என் நம்பரைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மூன்று எண் சொன்னார். மூன்றும் சரி. அடுத்ததைச் சொல்லாமல், தான் சொன்னது சரியா என்று பக்கத்தில் நின்ற ஆயாவின் முகத்தைப் பார்த்தார்.

காயத்துக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வருத்தம் தெரிவிக்கிறாயா என்று மட்டும் கேட்க வேண்டாம். மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், காது கொடுத்துக் கேட்டேன். முதல் தாளில் "மறதி நோய் கண்ட தாயார்" என்று புகாரிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறது. அது என் வாயிலிருந்து வந்ததில்லை, அடித்துவிடுங்கள் என்றேன். டாக்டர் சான்றிதழ் இருப்பதால் அடிக்க வழியில்லை என்றார்கள். அந்த ஒரு வரி பொய். மற்றதெல்லாம் நான் சொன்னது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)