குற்றம் நடக்காத நாட்கள்

காலை எட்டு மணிக்கு முன்னால் சாக்கட்டி அந்தப் பலகையில் சரியாகப் பிடிக்காது, ஐயா. இரவெல்லாம் கல்வளைவுக்குக் கீழே ஈரம் இறங்கியிருக்கும். முதலில் காய்ந்த துணியால் ஒரு துடை, பிறகு கையால் தடவிப் பார்த்து, அப்புறம்தான் எழுத வேண்டும். ஒரு வருடமாக இதை நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சல் கண்ட அன்றும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் எழுதினேன். என் மனைவி அன்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். டீ வேண்டாம், தண்ணீர் போதும்.

நான் பூட்டுக்காரன். பழைய சந்தையின் பெரிய வளைவுக்குள் நுழைந்தால் இடது கைப்பக்கம் ஐந்தாவது கடை. ஆறாவது கடை என் அண்ணியுடையது. பொத்தான், நூல்கண்டு, ஊசி, நாடா. இரண்டு கடைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். என் அண்ணன் இருந்த காலத்தில் அது ஒரே கடையாக இருந்தது. அவர் போன பிறகு, யாரையும் அண்டி நிற்கமாட்டேன் என்று அண்ணி பாதியைத் தடுத்து, தனியாகக் கடை போட்டுக்கொண்டார். துணி அளக்கிற இரும்புக் கோலால் தடுப்பைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் டீ வந்துவிட்டது. மூன்று தட்டு என்றால் கொஞ்சம் வந்துவிட்டுப் போ. பதினெட்டு வருடம் எங்களுக்குள் இதுதான் பாஷை.

இரண்டு வருடம் முன்னால் ஒரே வருடத்தில் சந்தைக்குள் நாற்பத்தொரு வழக்கு. உங்கள் நிலையத்திலேயே இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். பை அறுப்பு, கடை உடைப்பு, சங்கிலிப் பறிப்பு. ஜனங்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நகரசபை சும்மா இருக்குமா? நூற்றாண்டுகள் பழைய கட்டடம், சந்து சந்தாக இருக்கிறது, பாதுகாப்பு இல்லை, மூடிவிட்டு எல்லோரையும் புறவழிச்சாலைப் பக்கம் அனுப்பிவிடலாம் என்று தீர்மானம் போடப் போனது. இருநூற்றுப் பன்னிரண்டு கடைகள், ஐயா. அங்கே போய் யார் பூட்டு வாங்குவார்கள், யார் பொத்தான் வாங்குவார்கள்? நாங்கள் எல்லோரும் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டோம். நகரசபைத் தலைவி நல்ல அம்மாள்தான். “ஒரு வருஷம் தர்றேன். ஒரு கேஸ்கூட இல்லாமக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்” என்றார்.

பலகை வைக்கிற யோசனை என்னுடையது. பாதுகாப்புக் குழுவுக்கு நான்தான் செயலாளர். பெரிய வளைவில், நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், கரும்பலகை. ‘இந்தச் சந்தையில் குற்றம் நடக்காத நாட்கள்’ என்று மேலே பெயின்ட்டில் எழுதி, கீழே எண்ணுக்கு இடம் விட்டோம். ஏதாவது நடந்தால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அதுதான் விதி.

பதினேழாம் நாளே நடந்தது. ஒரு டீச்சரம்மாவின் கைப்பையை அறுத்துவிட்டான். அறுத்தவனை எனக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவன், நாற்பது வயது இருக்கும். எதைப் பிடித்தாலும் கையிலிருந்து வழுக்கி அவன் மடிக்குப் போய்விடும் என்பதால் எண்ணெய்க்கை என்று கூப்பிடுவார்கள். அவனைப் பிடித்துக் கடைக்குள் உட்காரவைத்து, எடுத்ததை வாங்கி, அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கூடவே ஒரு புதுப் பூட்டும் இனாமாகக் கொடுத்தேன். பொருள் திரும்பி வந்துவிட்டது, போலீசுக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்று பக்குவமாகப் பேசினேன். போய்விட்டார். மறுநாள் காலை பதினெட்டு என்று எழுதினேன்.

அப்படியே ஓர் ஏற்பாடு ஆகிவிட்டது. எண்ணெய்க்கை எடுப்பான், நான் கண்டுபிடிப்பேன், அவன் திருப்பிக் கொடுப்பான், நான் விட்டுவிடுவேன். எடுத்த பொருள் திரும்ப வந்துவிட்டால் அதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது? அந்த வருடத்தில் நான் இனாமாகக் கொடுத்த பூட்டுகள் பத்தொன்பது. அவனை ஒப்படைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒப்படைத்தால் வழக்கு, வழக்கு வந்தால் பூஜ்யம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் பயத்தோடுதான் வளைவுக்குப் போனேன். எண் ஏற ஏற பயமும் ஏறியது.

ஆனால் பலன் கிடைத்தது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இருநூறைத் தாண்டியதும் கூட்டம் திரும்பி வந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பலகையைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தபடியே தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அது எண்ணெய்க்கைக்கு வசதியாகப் போனது, அது வேறு விஷயம்.

அண்ணி எப்போதும் கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு ஊக்கு குத்திக்கொள்வார். அண்ணன் போட்ட சங்கிலி. முந்நூறாம் நாள் அன்று டீ குடிக்கும்போது கேட்டார்.

“இனிமே வெளியே போட்டுக்கலாமா தம்பி? உன் பலகைதான் முந்நூறு காட்டுதே.”

தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? உள்ளேயே இருக்கட்டும் என்றால் ஏன் என்று கேட்பார். அண்ணியிடம் நான் பொய் சொன்னதில்லை. பதினாலு வயதில் தாயில்லாமல் நின்றவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவர் அவர்.

முந்நூற்று அறுபத்து நான்காம் நாளுக்கு வருகிறேன்.

அன்று மாலை நான்கு மணிக்குத் தலைவியும் நகரசபை ஆட்களுமாகப் பதினொரு பேர் வருவதாகத் தகவல். சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் கூட்டத்தில் முடிவைச் சொல்லப்போகிறார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சந்தையில் எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நான் போகவில்லை. சோறு இறங்கவில்லை. ஒன்றரை மணி இருக்கும், பின்பக்கச் சந்தில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன்.

அண்ணி நூல்கட்டோடு வந்துகொண்டிருந்திருக்கிறார். எண்ணெய்க்கை சங்கிலியில் கை வைத்திருக்கிறான். மற்றவர்கள் மாதிரி அவர் விடவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் ஒரு தள்ளுத் தள்ளினான். அந்தக் காலத்தில் வண்டி கட்டிய கல் ஒன்று அங்கே நிற்கிறதே, அதில் போய் அவர் தலை மோதியது. நான் இரண்டு கடைத் தூரத்தில் நின்று பார்த்தேன்.

அவன் ஓடவில்லை, ஐயா. என்னைப் பார்த்துவிட்டு நடந்து வந்தான். சங்கிலியை என் கையில் வைத்தான். “வச்சுக்கங்க அண்ணாச்சி, திருப்பிக் கொடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாக வளைவுப் பக்கம் போனான். எங்கள் ஏற்பாட்டின்படி அவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான்.

அண்ணி எழுந்து உட்கார்ந்துகொண்டார். ரத்தம் அதிகம் இல்லை, காதுக்குப் பின்னால் கொஞ்சம்தான். கைத்தாங்கலாக அவர் கடைக்குள் கூட்டிப்போய்ப் பாய் விரித்துப் படுக்கவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். சங்கிலியை மறுபடி கழுத்தில் போட்டுவிட்டேன். அப்போது அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

“தலைக்குள்ள என்னமோ ஓடுது தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா.”

“நாலு மணிக்கு அவங்க வர்றாங்க அண்ணி. வந்துட்டுப் போகட்டும். கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டார். தலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், உங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள், நீங்கள் எழுதுவீர்கள். இன்னும் ஒரே ஒரு நாள். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். அண்ணியின் கடையும் அதில் ஒன்று. அவருக்காகவும்தான் யோசித்தேன்.

பின்கதவுக்கு வெளியிலிருந்து தாழ் போட்டேன். முன்பக்கம் வந்து, பாதி இறங்கியிருந்த ஷட்டரை முழுக்க இறக்கினேன். பூட்டினேன். என் கடையிலேயே உசத்தியான ஏழு லீவர் பூட்டு. இறக்கிய ஷட்டரைப் பூட்டாமல் விட்டுவிட்டு நகர்வது என் கைக்கு வராது, இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

மூன்றே காலுக்கு முதல் தட்டு கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று. இதோ வருகிறேன் அண்ணி என்று தடுப்பில் வாயை வைத்துச் சொன்னேன். தட்டு நிற்கவில்லை. அதற்குள் கடைக்காரர்கள் எல்லோரும் வளைவுக்கு வரவேற்கப் போய்விட்டார்கள். நானும் போனேன். தலைவி பலகை முன்னால் நின்று, 364 என்ற எண்ணை வெகுநேரம் பார்த்தார். “நம்பவே முடியலங்க” என்றார். எனக்கு அழுதுவிடுவேன் போல இருந்தது.

குழுவின் பதிவேடு என் கடையில்தான் இருக்கும். ஆகவே பதினொரு பேரும் அங்கே வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் தட்டு. தலைவி தடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கடையில் அலமாரி அடிக்கிறார்கள் அம்மா என்றேன். பிறகு சாவி வெட்டுகிற மெஷினைப் போட்டேன். பாதுகாப்புக்காக ஒவ்வொரு கடைக்கும் இரண்டாவது சாவி வெட்டி வைத்திருக்கிறோம், எப்படி என்று காட்டுகிறேன், உங்களுக்கும் ஆளுக்கொன்று நினைவாக வெட்டித் தருகிறேன் என்றேன். சின்னப் பிள்ளைகள் மாதிரி சந்தோஷப்பட்டார்கள். ஒரு சாவிக்கு இரண்டு நிமிடம் போதும். நான் நான்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். பதினொரு சாவி. எந்தப் பூட்டையும் திறக்காத சாவிகள், சும்மா பல்லு பல்லாக வெட்டியவை.

ஒரு சாவிக்கும் அடுத்த சாவிக்கும் நடுவில் மெஷின் நிற்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஆறாவது சாவி வரைக்கும் மூன்று தட்டு கேட்டது. எட்டாவது முடிந்தபோது இரண்டே தட்டு. இரண்டு என்றால் டீ. பாவம், குழம்பிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாவதுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தூங்கிவிட்டார், நல்லது என்று நினைத்தேன்.

கிளம்பும்போது வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டோம். எல்லோரும் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பார்த்திருப்பீர்கள். ஐந்தே காலுக்கு அவர்கள் போன பிறகு திறந்தேன். தடுப்பை ஒட்டி, கையில் இரும்புக்கோலோடு கிடந்தார். முக்காலியைச் சாய்த்துப் போட்டேன். மேல்தட்டிலிருந்து பொத்தான் பெட்டியை எடுத்துக் கீழே கொட்டினேன். அப்புறம்தான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். மதியம் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டுப் படுத்திருக்கிறார், பெட்டி எடுக்க ஏறி விழுந்திருக்கிறார் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்னால் ஏன் நம்பமாட்டார்கள்? தள்ளுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு மணிநேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் காலை அடக்கத்துக்குப் போகுமுன் வளைவுக்குப் போய் 365 என்று எழுதினேன். அன்று சாயங்காலம் சந்தை மூடப்படாது என்று முடிவு சொன்னார்கள். கடைக்காரர்கள் அண்ணிக்காக அரை நாள் ஷட்டரை இறக்கி வைத்தார்கள்.

அண்ணியின் மகள் நேற்று என் கடைக்கு வந்தாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அங்கேதான் மாட்டியிருக்கிறோம். அதன் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. எங்கள் தலைகளுக்குப் பின்னால் ஆறாவது கடை ஷட்டர் தெரிகிறது. கீழே பூட்டு தொங்குகிறது.

“சித்தப்பா, அம்மா உள்ள இருந்து இறக்கினாங்கன்னா, பூட்டு ஏன் வெளியே தொங்குது? இது உங்க ஏழு லீவர்தானே?”

சிறு வயதிலிருந்தே என் கடையில் விளையாடியவள். எல்லாப் பூட்டும் அவளுக்குத் தெரியும். இரவு முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் உங்களிடம் வந்துவிட்டேன்.

எண்ணெய்க்கையைத் தேடி ஆள் அனுப்பியிருக்கிறீர்கள் போல. பிடியுங்கள். ஆனால் அவன் தள்ளினான், அவ்வளவுதான். தள்ளிய பிறகு மூன்றே முக்கால் மணிநேரம் அவர் என் கையில்தான் இருந்தார். பூட்டியது பழக்கம் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பூட்டாமல் விட்டால் அவர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பார். அந்த ஆட்களுக்கு முன்னால் ரத்தத்தோடு நின்றிருப்பார். அதற்காகத்தான் பூட்டினேன். தெரிந்தேதான் பூட்டினேன். அவரைக் கொன்றது நான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு விஷயம். சம்பவ இடம் என்று போட்டிருக்கிறீர்களே, அதில் பழைய சந்தை என்று எழுத வேண்டாம். தள்ளுவண்டியில் வளைவைத் தாண்டும்போது அவர் உடம்பில் சூடு இருந்தது, நான் தொட்டுப் பார்த்தேன். உயிர் வளைவுக்கு வெளியேதான் போனது என்று எழுதினால் போதும்.

மணி ஏழே முக்கால் ஆகிவிட்டது. இந்தாருங்கள், சாக்கட்டி என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. யாரையாவது அனுப்பிப் பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு 372 என்று எழுதச் சொல்லுங்கள், ஐயா. வெறும் பலகையைப் பார்த்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள்.