ஆளுக்கொரு கைப்பிடி மண்

உங்கள் ஸ்டேஷன் டீயைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள் சார். வெள்ளைச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உங்கள் வயதுக்கு நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிடுவது நல்லது. கண்ணுக்குக் கீழே லேசாக வீங்கியிருக்கிறது. தூக்கம் சரியில்லை போல. சரி, அதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெரின். கன்னிவாடிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் 'வேரடி' என்ற வாழ்வகத்தை நடத்துகிறேன். 'நடத்தினேன்' என்று எழுதியிருக்கிறார் உங்கள் ரைட்டர். அது அவர் இஷ்டம். அந்த இடம் என் மாமாவின் கொய்யாத் தோப்பு. கிணறு வற்றி மரமெல்லாம் காய்ந்தபோது, பிளாட் போட்டுவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் மண்ணை அள்ளிப் பார்த்தேன். அருமையான செம்மண். சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனவர்களுக்கு இந்த மண்ணை முகர்ந்து பார்க்கக் கொடுத்தாலே பாதி குணமாகிவிடும் என்று தோன்றியது. கீற்றுக் குடிசைகள் போட்டேன். ஏசியைக் கீற்றுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். இயற்கையோடு வாழ வந்தவர்கள் மறுநாளே கிளம்பிவிடக் கூடாதில்லையா.

மண் இருந்தது, மலை இருந்தது, மரபுதான் இல்லை. மலை மேலே பழங்குடி மக்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். போய்க் கேட்டேன். எங்களுக்கு ரோடு போட்டுத் தர முடியுமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மண்ணுக்குள் ஆளை இறக்கி வைத்தியம் பார்க்கிற வழக்கம் உண்டா என்றதற்கு, செத்த பிறகு உண்டு என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இறங்கி வந்து, பாஸ்கலைக் கூப்பிட்டேன்.

பாஸ்கல் என்னோடு திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்தவன். பஸ் கண்டக்டர் செபஸ்தியானின் மகன். பங்குக் கோயிலில் இயேசுவைச் சிலுவையில் அறைகிற பாஸ்கா நாடகத்தில் அவனுக்குப் பரபாஸ் வேடம் கொடுத்தார்கள். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையாகிற கைதி அந்தப் பரபாஸ், அவனுக்கு வசனமே கிடையாது. இவன் மேடையிலேயே நாலு வசனம் சேர்த்துக்கொண்டான். விடுதலையானதும் கூட்டத்தைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தான். இயேசுவை விட்டுவிட்டு இவனுக்காக அழுதார்கள் சார். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். எதைச் செய்தாலும் என்னைப் பார்த்து, "எடுபட்டுச்சா மாப்ள?" என்று கேட்பான்.

தாடியும் முடியும் வளர்த்து, கழுத்தில் கொட்டை மாலை போட்டு, அவனைக் கரட்டு மூப்பன், அதாவது மலைக்குடித் தலைவனும் வைத்தியனும், ஆக்கினேன். கரட்டுக்குடி என்று ஒரு குடி எங்கேயும் இல்லை. அதனால் யாருக்கும் அவமரியாதையும் இல்லை. மந்திரத்துக்கு அவன் அலட்டிக்கொள்ளவில்லை. அவன் அப்பா படிக்கட்டில் தொங்கியபடி கூவுகிற ஊர்ப் பெயர்களைப் பின்னிருந்து முன்னாக இழுத்து முணுமுணுப்பான். ரெட்டியார்சத்திரத்தை அப்படிச் சொல்லும்போது எனக்கே சிலிர்க்கும்.

எங்கள் முகாமின் முறை எளிமையானது. வருகிறவர்கள் கையில் இருக்கும் ஆங்கில மருந்து மாத்திரைகளை எல்லாம் ஒரு மண்பானையில் போட வேண்டும். மூப்பன் அதைப் புதைப்பான். பிறகு ஒவ்வொருவராகக் கழுத்தளவு குழியில் நிற்க வைத்துச் சுற்றிலும் மண்ணைத் தள்ளுவோம். நெஞ்சைச் சுற்றி மட்டும் காய்ந்த மண்ணாகப் பொலபொலவென்று விட வேண்டும். இறுகினால் நெஞ்சு விரியாது, மூச்சு நின்றுவிடும். அதை நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். எனக்குப் பொறுப்பு உண்டு.

குழிக்குள் இருப்பவர்கள் அழுவார்கள். திட்டுவார்கள். தூக்கிவிடுங்கடா என்று கத்துவார்கள். அது அவர்கள் கத்துவதில்லை, உள்ளே தேங்கிக் கிடந்தது வெளியேறுகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். சுற்றி நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டி அதை வழியனுப்ப வேண்டும். பாதியில் தூக்கிவிட்டால் அந்த நோய் தூக்கியவர் மேல் ஏறிவிடும். இந்தக் கடைசி வரி பாஸ்கல் சேர்த்தது. நாலு வசனம் சேர்க்கிற பழக்கம் அவனை விடவில்லை.

இப்படித்தான் காதர் பீவியும் வந்தார். பேகம்பூரில் தோல் வியாபாரக் குடும்பம். நல்ல மனுஷி. பல வருஷமாகச் சர்க்கரை. "காலு மதமதன்னு கெடக்குது தம்பி, செருப்பு கழண்டாக் கூடத் தெரிய மாட்டேங்குது" என்றார். மாத்திரையையும் இன்சுலின் ஊசியையும் எங்களுக்கு முன்னால் பானையில் போட்டார். காலுக்குச் சூட்டுமண் கட்டினோம். அவருக்குச் சூடு தெரியவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சூடாகக் கட்டினோம். கட்டை அவிழ்த்தபோது தோல் மண்ணோடு வந்துவிட்டது. அதன் பிறகும் அவர் குழியில் இறங்கினார். அன்றைக்குக் கத்தினார் பாருங்கள், மலையில் எதிரொலித்தது. எல்லாரும் நன்றாகக் கைதட்டினார்கள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் பூங்கொத்து அனுப்பினேன். பாஸ்கல் நேரில் போனான். அதுதான் அவன் செய்த தப்பு. அதுவும் மூப்பன் வேடத்திலேயே போயிருக்கிறான். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவனின் கையை அவர் பிடித்துக்கொண்டு, "மூப்பரே, இந்தக் காலு போனாப் போகுது. இன்னொரு காலுக்கு ஒங்க மண்ணுல கொஞ்சம் கொண்டாந்து பூசி விடுங்க" என்று கேட்டிருக்கிறார். அந்த வாரமே மௌத்தாகிவிட்டார்.

பாஸ்கல் திரும்பி வந்து சாப்பிடவில்லை. சமையல் பார்க்கிற சகாயசெல்வி கேப்பைக் கூழைக் கொண்டுவந்து வைத்து, "என்னண்ணே, சாமி வந்து எறங்கல போல" என்று கேலி பண்ணினாள். அவன் சிரிக்கவில்லை. மாத்திரைப் பானையைத் தோண்டி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, முகாமோட கடைசி நாளு எல்லார்ட்டயும் சொல்லப் போறேன்டா. நான் மூப்பனில்ல, இது மரபுமில்ல, அந்தம்மாவ நாமதான் கொன்னுட்டோம்னு. அப்பறம் போலீசு வரட்டும். ஒனக்கும் சேத்துத்தான்டா சொல்லுறேன். ஒனக்கும் பாரம் எறங்கிரும்."

நான் கோபப்படவில்லை. எங்கள் இடத்தில் யாரும் கோபப்படுவதில்லை. இருபது பேருக்கு மேல் முகாமில் இருந்தார்கள். சிலர் தூங்கியே வருஷக்கணக்கானவர்கள். முந்தின நாள்தான் தூங்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களிடம் போய், நீங்கள் தூங்கியது பொய் என்று சொல்வது வன்முறை இல்லையா. அந்த நேரத்தில் நான் யோசித்தது அவர்களைத்தான். என்னைப் பற்றி ஒரு நிமிஷம் கூட நினைக்கவில்லை.

"சொல்லுடா, வேணாங்கல. எங்க வச்சுச் சொல்லப் போற?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் பானையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். உள்ளே இருந்த நடிகன் தலையைத் தூக்குவது எனக்குத் தெரிந்தது.

"குழிக்குள்ள இருந்தே சொல்றேன் மாப்ள. அப்பத்தான் எடுபடும்."

ஒவ்வொரு முகாமும் முடியும்போது மூப்பன் குழிக்குள் இறங்குவது வழக்கம். வந்தவர்கள் கண்ணை மூடி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக வந்து, ஆளுக்கொரு கைப்பிடி மண்ணை அவன் கழுத்தைச் சுற்றிப் போடுவார்கள். தங்கள் நோயை அவனிடம் ஒப்படைப்பதாக அர்த்தம். நான் எதையும் புதிதாக ஏற்பாடு செய்யவில்லை சார். நெஞ்சுக்குப் போடும் மண்ணுக்கு மட்டும் முந்தின நாளே தண்ணீர் விட்டு வைத்திருந்தேன். அஸ்திவாரம் இடிக்கிற திமிசுக் கட்டை தோப்பில் கிடந்தது. அதையும் எடுத்து வைத்தேன்.

காலையில் இறங்கினான். கையிரண்டும் உள்ளே. இடுப்பு வரை மண் வந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நெஞ்சுக்கு ஈரமண் வந்ததும், "ஏலே, இறுக்காதடா, பேசுறதுக்கு மூச்சு வேணும்ல" என்றான். நான் திமிசால் ஒரு இடி இடித்தேன். அடுத்த இடி தோளில் விழுந்தது. அது தவறிப்போய் விழுந்தது என்று சொல்லலாம், ஆனால் உங்களிடம் பொய் சொல்ல வேண்டாம். காறை எலும்பு தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சுற்றி எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். அதை நான் மறுக்க மாட்டேன். இருந்த மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான்.

"நம்பாதீங்க. நான் மூப்பனில்ல. பாஸ்கல். கண்டக்டர் செபஸ்தியான் மகன். காதர் பீவியம்மாவ நாங்கதான் கொன்னோம். இவன் என்னயக் கொல்றான். கண்ணத் தொறந்து பாருங்க."

அவர்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நம் எல்லார் குற்றத்தையும் மூப்பன் தன் பெயரில் ஏற்றுக்கொள்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். நான் சுற்றி வந்து இடித்தேன். விலா ஒடிகிற சத்தம் காய்ந்த முருங்கைக் கிளை முறிவது போல இருந்தது. கைதட்டலில் அது பெரிதாகக் கேட்கவில்லை. வாயைப் பொத்தப் போனபோது கடித்தான். இந்த விரல்தான். நகத்தோடு நுனி போய்விட்டது. மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறேன். உங்கள் டாக்டர் டெட்டனஸ் ஊசி போட வந்தார், போட்டுக்கொண்டேன். அதில் விளையாட முடியாது.

பிறகு வரிசையை வரச் சொன்னேன். கண் மூடியிருந்ததால் ஒவ்வொருவர் கையையும் நான்தான் பிடித்து, எங்கே போட வேண்டும் என்று காட்டினேன். முதலில் வாய். பிறகு மூக்கு. ஒரு ஐ.டி. பையன் போட்ட மண்ணைப் பாஸ்கல் துப்பிவிட்டான். அடுத்து வந்தவர் கை கொஞ்சம் பெரிது. கண்கள் மட்டும் வெளியே இருந்தபோது அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் மூட வேண்டியிருந்தது.

சகாயசெல்வி கூழ்ச் சட்டியோடு வந்தவள் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அகப்பையாலேயே தோண்ட ஆரம்பித்தாள். "ஏங்க, மனுசன் சாகுறாருங்க. கண்ணத் தொறந்து தொலைங்க" என்று எல்லார் காலையும் அடித்தாள். பயிற்சி பெற்றவர்கள் சார் அவர்கள். இரண்டு பேர் கண்ணைத் திறக்காமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கம்மா, வெளிய வரட்டும்" என்று தடவிக் கொடுத்தார்கள். அவள் ஒருவர் கையைக் கடித்த பிறகுதான் அவர் வலியில் கண்ணைத் திறந்தார். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பாஸ்கலைக் கொன்றது நான்தான். காதர் பீவியையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. வருத்தம் ஒன்றே ஒன்றுதான். சமையல்காரிதானே என்று சகாயசெல்விக்குப் பயிற்சி கொடுக்காமல் விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தக் காலை வேளையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். அத்தனை பேரும் மண்கையோடு நின்று அழுதார்கள். பாஸ்கல் மட்டும் இருந்திருந்தால் முதல் ஆளாக என்னிடம் வந்து, "எடுபட்டுச்சு மாப்ள" என்று கட்டிப்பிடித்திருப்பான்.