முந்நூற்று அறுபதாவது நாள்

சின்னப் படகில் ஆறு பேர் வரை ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் கேப்டன் உரிமம் வாங்குவது, வெளியில் நினைப்பதுபோல் சிக்கலானதல்ல. முந்நூற்று அறுபது நாள் நீரில் ஓட்டிய அனுபவம், எழுத்துத் தேர்வு, உடல் பரிசோதனை, முதலுதவிச் சான்று. அவ்வளவுதான். முதலுதவியில் எனக்கு முழு மதிப்பெண்.

இதில் அழகு என்னவென்றால், நாள் என்பதற்கு அங்கே தனிக் கணக்கு. நான்கு மணி நேரம் படகு ஓடினால் ஒரு நாள். நங்கூரம் போட்டு நின்ற நேரம் சேராது. சொந்தப் படகென்றால் நாமே கையெழுத்திடலாம். யாரும் சரிபார்ப்பதில்லை.

மூன்று முறை தோற்று, நான்காம் முறை தேறினேன். தேர்வுச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். உரிமத்துக்கு விண்ணப்பிக்க அந்தச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். என்னிடம் முந்நூற்று ஐம்பத்தொன்பது இருந்தது. இறால் தொழில் படுத்தபின் பாரட்டேரியா விரிகுடாவில் எனக்கு வேறு பிழைப்பில்லை. ஐம்பத்து நான்கு வயதில் அந்தத் தேர்வை இன்னொரு முறை எழுத என்னால் முடியாது.

என் மனைவி ஓடீலின் அண்ணன் ஓவீட் துணைக்கு வந்தான், காப்பிக் குடுவையோடு.

“ஒரு நாளைச் சேத்து எழுதிட்டு வீட்ல படுக்காம டீசலை எரிக்கிறியே மாப்ள. கடலா வந்து சாட்சி சொல்லப் போவுது?”

“பொய்க் கையெழுத்து போடமாட்டேன் மச்சான்.”

“ஆமா, பெரிய பாதிரியாரு.”

விரிகுடாவுக்குள்ளேயே வட்டமடித்தோம். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவன் நெஞ்சைப் பிடித்தான். வியர்வை, இடது கையில் வலி, வெளுத்த உதடு. பாடத்தில் சொன்ன வரிசை மாறவில்லை. படகுத்துறை இருபது நிமிடத் தொலைவு.

“திருப்பு மாப்ள.”

“கொஞ்சம் பொறு மச்சான்.”

இறக்கிவிட்டு மறுபடி போயிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். ஆம்புலன்ஸ் வரும், ஓடீல் ஓடிவருவாள், நானும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மதியத்துக்குமேல் புயற்காற்று எச்சரிக்கை வேறு. ரேடியோவில் கூப்பிட்டால் மீட்புப் படகு வந்து நிற்கச் சொல்லும். நின்றால் கணக்கு நின்றுவிடும்.

ஆஸ்பிரின் கொடுத்தேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி, சாய்த்து உட்காரவைத்தேன். உதவிக்கு அழைக்கவும் என்ற வரியை மட்டும் தள்ளிவைத்தேன்.

ஓவீட் புத்திசாலி. சீக்கிரமே புரிந்துகொண்டான்.

“நானும் கையெழுத்து போடறேன் மாப்ள... நாலு மணி நேரம் ஓடுச்சுன்னு யார் கேட்டாலும் சொல்றேன். திருப்புடா.”

அந்த நிலையில் இருக்கும் ஒருவனைப் பொய் சொல்ல வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

புறப்பட்டு மூன்று மணி நேரம் பத்து நிமிடத்தில் அவன் மூச்சு நின்றது. மார்பை அழுத்த இரண்டு கையும் வேண்டும். சுக்கானை யார் பிடிப்பது? மீதி ஐம்பது நிமிடமும் ஓட்டினேன். துறையில் கயிறு கட்டியபோது ஓடிய கணக்கு நான்கு மணி நேரம் இரண்டு நிமிடம்.

ஓடீல் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருந்தபோது படிவத்தை அனுப்பினேன். உரிம அலுவலகத்தில் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். இந்தக் கரையில் எத்தனை கேப்டன்கள் இப்படிச் சொல்ல முடியும்? அதில் ஒரு நாள்கூடப் பொய்யில்லை.