ஆள் வந்தால் மறையும் விரிசல்

கருவிக்குத் தெரியாத விரிசல் என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது. சொன்னவர் என் பக்கத்து அறைக்காரனின் சித்தப்பா. அலுமினியப் படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவர். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை எல்லோரும் ஜோசியர் என்பார்கள். கருவி ஒன்றும் காட்டாவிட்டாலும் ‘விரிசல் உண்டு’ என்று எழுதிவிடுவார். காரணம் கேட்டால், ‘தோணுது’. ஜோசியர் செத்த பிறகும் சித்தப்பா அந்த அறிக்கைகளை உரக்கப் படித்து ஆபீசையே சிரிக்க வைப்பார்.

ஒரு விடுமுறை நாள். மதியம் இரண்டரை மணி. படகுப் பட்டறைக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை. பேய்க்கு ராத்திரிதான் தோதுப்படும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சித்தப்பா தனியாகத்தான் போனார். கரையேற்றி நிறுத்திய படகு. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதில் நூற்றிருபது பேர் ஏற வேண்டும். அவர் கையெழுத்துதான் பாக்கி.

உப்புத்தண்ணீர் மட்டும் அரித்தால் அலுமினியம் பல வருஷம் தாங்கும். இன்ஜின் ஆட்டம் மட்டும் என்றாலும் தாங்கும். இரண்டும் கூட்டுச் சேர்ந்தால்... தலைமுடி கனத்துக்கு விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசலுக்குள் போன சாயம் கோடாகக் கசியும்.

இன்ஜினுக்கு அடியில் கசிந்தது. விரல் நீளம்.

படகின் மேல்தளத்திலிருந்த பட்டறை மேலாளரைக் கூப்பிட்டார். அவர் இறங்கி வந்து குனிந்தார். வெறும் வெள்ளை.

துடைத்துவிட்டு மறுபடி பூசினார். கோடு வந்தது. கூப்பிட்டார். போய்விட்டது. படம் எடுத்தார், படத்திலும் வெள்ளை. மின்கருவியை வைத்தார், முள் அசையவில்லை. நாலாவது தடவை மேலாளர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“வெள்ளையடிச்சதைக் காட்டத்தான் நாலு தரம் இறக்குனீங்களா சார்? நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. கையெழுத்தைப் போடுங்க.”

சித்தப்பாவுக்குக் கருவியைக் கடலில் வீசலாம் போல வந்தது. ஐந்தாவது தடவை... மண்ணெண்ணெய் மாதிரிச் சாய வாடை. இன்ஜின் அறைக்கோடி இருட்டில்... டக்... டக்... யாரோ விரலை மடக்கித் தகட்டில் தட்டினார்கள். திரும்பினார். ஆளில்லை.

கோடு மறுபடி கசிந்திருந்தது. விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே குறி போட்டுத் தேதி எழுதுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் கோட்டைத் தாண்டி, இன்னும் விரியாத தகட்டில், பென்சிலால் மூன்று குறிகள். மூன்றிலும் மறுநாள் தேதி. காலை 6.10. 6.25. 6.40. கடைசிக் குறி தகட்டின் விளிம்பில்.

எழுத்து ஜோசியருடையது. அது சித்தப்பாவுக்கு மனப்பாடம்.

மேலே வந்தார். அறிக்கையில் எழுதினார்: விரிசல் உண்டு. படகை இறக்கக் கூடாது.

மேலாளர் எட்டிப் படித்தார். “கருவி ஒண்ணும் காட்டலையே. எதை வச்சு சார் எழுதுறீங்க?”

“தோணுது.”

கீழே தட்டுகிற சத்தம் நின்றது.

மேலாளர் சாவியை எடுத்தார். “சரி... உங்ககூட வந்தவரையும் மேல வரச் சொல்லுங்க. பூட்டணும்.”