பிஸ்கட் டின்னுக்குள் இருந்த காது

— நிறுத்து கோமளா. கடைசியில என்னமோ படிச்சியே, அத மறுபடி சொல்லு.

— "என் தந்தைக்குக் காதுக் கருவி வாங்க எங்களுக்கு வசதி இல்லை. அதனால்தான் என் தாய் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை." மலாய்ல எழுதி வச்சிருக்கேன் ப்பா, உங்களுக்காகத் தமிழ்ல சொன்னேன்.

— வாங்கலியா? அப்ப ஏங் காதுல சொருகிக் கெடக்கறது என்னா, கத்திரிக்காயா?

— கோவிக்காதீங்க. நாளைக்கு நம்ம காது கேக்காதவங்க சங்கத்துலேருந்து தொகுதி எம்.பி.யப் பாக்கப் போறோம், நம்ம ஒய்.பி.யத்தான். காதுக் கருவி வாங்கற எல்லாருக்கும் வருமான வரியில கழிவு குடுக்கணும், அத அவரு நாடாளுமன்றத்துல கேக்கணும். இப்ப ஊனமுற்றோர் கார்டு வச்சிருக்கறவங்களுக்குத்தான் கழிவு. எனக்குப் பேச மூணு நிமிஷம் குடுத்திருக்காங்க.

— அந்த மூணு நிமிஷத்துல ஒங்கம்மாவ வச்சுப் பொய் சொல்லணுமாக்கும்.

— பொய்யில்ல ப்பா. கொஞ்சம் முன்ன பின்ன, அவ்ளோதான்.

— நெசமாச் சொல்லு. இந்த மெசினு எப்ப வந்துச்சு?

— அம்மா விழறதுக்கு ஏழு மாசம் முன்னாடி.

— யாரு வாங்குனா?

— நான்தான், லோன் போட்டு. ஒரு காதுக்கே நாலாயிரத்து ஐநூறு வெள்ளி. வாங்கியும் போடாம இருந்தோம்னு போய்ச் சொன்னா ஒய்.பி. சிரிக்க மாட்டாரா? சங்கத்துல நாப்பது குடும்பம் இருக்கு ப்பா. சந்திரமோகன் அண்ணன் பொண்ணுக்கு அஞ்சு வயசு, ரெண்டு காதும் கேக்காது. அது இன்னும் அவங்கம்மா வாயையே பாத்துகிட்டு உக்காந்திருக்கு. நான் பேசறது உறைக்கற மாதிரி இருக்க வேணாமா?

— அந்தப் புள்ளைக்காக என்னா வேணாலும் பேசு. ஒம் பக்கத்துல வந்து நிக்கறதுக்குத்தான் நானும் சட்டைய தேச்சு மாட்டி வச்சிருக்கேன். ஆனா இந்தப் பொய்யக் கேட்டுகிட்டு என்னால நிக்க முடியாது. அந்த பிஸ்கட் டின்ன எடு.

— எதுக்கு ப்பா இப்ப அது?

— தொறந்து பாரு. அரிசி இன்னும் அப்படியேதான் கெடக்குது. ஒங்கம்மா விழுந்த அன்னைக்கு மெசினு இதுக்குள்ள இருந்துச்சு. நம்ம தைப்பிங் மழைக்கு ஈரம் புடிச்சிரும்னு அரிசிக்குள்ள பொதைச்சு வச்சது. ஒன் சங்கத்துலயே கேட்டுப் பாரு, பாதிப் பேரு இப்படித்தான். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நகை மாதிரி மாட்டிகிட்டுப் போவாங்க. வூட்டுக்குள்ள வந்ததும் கழட்டி அரிசிக்குள்ள.

— தெரியும் ப்பா.

— நான் முன்கூடத்துல உக்காந்து டிவியில பேட்மிண்டன் பாத்துகிட்டிருந்தேன். எவன் செயிக்கறான்னு பாக்கறதுக்குக் காது எதுக்கு? பின்கட்டுல அவ கீழ கெடந்து கூப்புட்டிருக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்காரம்மா, நம்ம ரொக்காயா மாச்சேவுக்குக் கேட்டுருக்கு. ஓடியாந்து ஏந் தோளப் புடிச்சு உலுக்குது. நா என்னா கேட்டேன் தெரியுமா? வாங்க மாச்சே, சாப்ட்டாச்சான்னு கேட்டேன்.

— போதும் ப்பா.

— ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பலகை மில்லுல முப்பது வருசம் ரம்பச் சத்தத்துல காதக் குடுத்தேன், அதுக்கு நான் வருத்தப்பட்டதே இல்ல. இது என்னையப் போட்டுத் தின்னுது.

— அதுக்குத்தான் ப்பா அப்படி எழுதினேன். உங்கள யாரும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு.

— சொல்லட்டும்மா. கெழவன் கழட்டி வச்சான்னே எழுது. ஏன் கழட்டுனான்னும் சேத்து எழுது. மவ இன்னும் ரெண்டு வருசம் கட்டணும், வேர்வை பட்டாப் போச்சு, மழை பட்டாப் போச்சு. செருப்பு விக்கற வெலயில கெடைச்சிருந்தா கழட்டியா வச்சிருப்பேன்? மாட்டிகிட்டே தூங்கியிருப்பேன். வாங்க முடியாதவன் கதை அவருக்குத் தெரியும்லா. வாங்கி ஒளிச்சு வச்சவன் கதை தெரியாது. அதப் போய்ச் சொல்லு.

— அப்படி எழுதுனா, நீங்க மட்டும் அதுல இருக்க முடியாது.

— வேற யாரு இருக்கா?

— நான் இருக்கேன். அன்னைக்கு ஆபீஸ்லேருந்து போன் பண்ணேன். அம்மா எடுத்தாங்க. மழை வரப் போவுது, வூட்ல சும்மா உக்காந்திருக்கறவருக்குக் காதுல எதுக்கு அது, கழட்டி அரிசியில வைக்கச் சொல்லுன்னு கத்துனேன் ப்பா. கெட்டுப் போச்சுன்னா இன்னொண்ணு வாங்க எங்கிட்ட ரத்தம்தான் இருக்குன்னேன். ஒரு வருசமா உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நானே கழட்டுனேன், நானே கழட்டுனேன்னு நீங்க அழும்போதெல்லாம் பேசாம நின்னேன். எனக்கு வசதியா இருந்துச்சு ப்பா அது.

— எல்லாம் எனக்குத் தெரியும்மா.

— எப்படித் தெரியும்? அம்மா சொன்னாங்களா?

— நான் எங்க கழட்டுனேன்? ஒன் போன வச்சிட்டு ஒங்கம்மாதான் வந்து கழட்டுனா, அவ கையால. புள்ள பாவம் கஷ்டப்படுதுன்னா. கழட்டறதுக்கு முன்னால, "ஒங்களுக்குக் கேக்காட்டி என்னா, நானே வந்து தொட்டுக் கூப்புடறேன்"னு சொன்னா. அவ பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.