கைக்குத் தெரியாமல்

பொருளைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும், தம்பி. கிற்றாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அதன் கழுத்து நெடுகப் பார்த்தீர்கள். "கழுத்து நேராத்தான் கிடக்கு அக்கா. பிறகேன் கம்பியெல்லாம் இவ்வளவு உயரத்தில நிக்குது?" என்று கேட்டீர்கள். வவுனியாவில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருப்பவர்கள் நாங்கள். கேட்காத குறையைச் சொல்ல மாட்டோம். கேட்ட குறையை மறைக்கவும் மாட்டோம். ஆகவே சொல்கிறேன்.

இது என் கணவர் சுஜிதனுடையது. கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் இசைக்குழுவில் இருந்தவர். போன வருடம் சுவிஸில் இருக்கும் நம்மவர் குழுவொன்று அவரைக் கூப்பிட்டது. மின்னல் வேக இசைத் துண்டொன்றை அனுப்பி, தைப்பொங்கலுக்கு முன் அதைப் பிசகில்லாமல் வாசித்துக் காட்டினால் அங்கேயே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். "முதல்ல நான் போறன் கௌசி, பிறகு உம்மை எடுக்கிறன்" என்றார் இவர். அந்தப் 'பிறகு' எனக்குப் பழக்கமான சொல். அலுமாரியிலுள்ள சேலையெல்லாம் விரிக்கச் சொல்லிவிட்டு, "பிறகு வாறம்" என்று படியிறங்கிப் போகிறவர்கள் தினமும் சொல்வது அதைத்தான். திரும்பி வந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

வேகமாக வாசித்துப் பழகினால் வேகம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். கைப்பேசியில் தாளத்தை மெதுவாகத் தட்டவிட்டு, அந்தத் துண்டை ஆமை நடையில் வாசிப்பார். கம்பியை மீட்டும் பிக் ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே. விரல் கம்பியை விட்டு அநாவசியமாக எழும்பக்கூடாது. ஒரு பிழையும் விழாவிட்டால் மறுநாள் தாளத்தை மயிரிழை கூட்டுவார்.

"கைக்குத் தெரியாமல் கூட்டவேணும். தெரிஞ்சால் அது பயந்து இறுகிப்போகும்."

நல்ல வியாபாரப் புத்தி. நாங்களும் விலையை அப்படித்தான் ஏற்றுகிறோம்.

ஆகவே நானும் தினமும் பயிற்சி செய்தேன். காலையில் வாசித்து முடித்து அவர் கிணற்றடிக்குப் போனதும், கம்பிகள் வந்து குந்தும் இரும்புத் தாங்கியிலுள்ள சின்னத் திருகாணிகளைக் கொஞ்சம் திருப்புவேன். கம்பியும் மயிரிழை உயரும். சுருதி பிசகியிருந்தால் திரும்பக் கூட்டி வைப்பேன். எல்லாம் யூடியூபில் பார்த்துப் படித்ததுதான். மறுநாள் அவர் தன்னையறியாமல் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவார். தாளம் ஏற ஏறக் கம்பியும் ஏறியது.

ஐப்பசியில் அவருக்குச் சந்தேகம் வந்தது. "கம்பி உயர்ந்தமாதிரிக் கிடக்கு, என்ன?"

நான் அழுத்திப் பார்த்தேன். "எனக்கொண்டும் தெரியேல்லையப்பா. உங்கட கைதான் களைச்சுப்போச்சு."

சட்டை சுருங்கிவிட்டது என்று கொண்டுவருகிறவர்களுக்கும் எங்கள் பதில் இதுதான். துணி அப்படியே இருக்கிறது அக்கா, நீங்கள்தான் கொஞ்சம் செழித்துவிட்டீர்கள்.

கார்த்திகையில் முழங்கைவரை நோ. தைலம் போட்டு உருவிவிட்டேன். ஆசுப்பத்திரிக்கும் நானே கூட்டிப்போனேன். நரம்பு நெரிபடுகிறது, ஒரு மாதம் வாசிக்காமல் விட்டால் ஆறும், விடாவிட்டால் கை பழையபடி வராது என்றார் டொக்டர். இவர் சொல் கேட்கிற மனிதர். வீட்டுக்கு வந்ததும் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அன்றுதான் எனக்கு யோசனை வந்தது. கை ஆறினால், அடுத்த வருடமும் சுவிஸ் அங்கேதானே இருக்கும்.

"ஒரு மாசமோ? அதுக்குள்ள அவங்கள் வேற ஆரையும் பிடிச்சிடுவாங்கள்," என்றேன். "நோகாமல் வேகம் வருமே அப்பா?"

பெட்டியை நானே திறந்து, கிற்றாரை அவர் மடியில் வைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உம்மைப்போல ஒருத்தி ஆருக்குக் கிடைக்கும்?" என்றார்.

மார்கழியில் ஒரு காலை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கையின் மோதிர விரலும் சின்ன விரலும் மடங்கி நின்றுவிட்டன. இன்னும் நிமிரவில்லை. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, வலக்கைக்கு நான் ஒரு கேடும் செய்யவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்கவேண்டும்.

ஆகவே கிற்றாரில் பழுதில்லை. திருகாணிகளை இறக்கினால் கம்பி பழையபடி வெண்ணெய்போல அமுங்கும். பழுதாக்கியது அவருடைய கையை. பழுதாக்கியவள் நான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் ஊரைப் பாருங்கள்: மனிசன் வெளிநாட்டில், மனிசி வாட்ஸ்அப்பில். அதுவும் ஒரு குடும்பமா?

எங்கள் வீட்டில் அந்தக் குறை கிடையாது. பகல் முழுக்க விறாந்தையில் கதிரையைப் போட்டு இருக்கிறார். நான் கடை பூட்டி வரும்போது தெருவாசல் படலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். என்னை அவ்வளவு எதிர்பார்க்கிறார். நான் உள்ளே வந்து, தேத்தண்ணி போட்டுக் கையில் கொடுத்த பிறகும் பார்வை அங்கேயேதான் நிற்கும்.

படலையை நான் சரியாகச் சாத்தினேனா என்று பார்க்கிறார் போலும்.