மேல் போல்ட்

இல்ல தம்பி, போல்ட் சின்னதுன்னு அது மேல பழி போடாதீங்க. அந்த டிரில்ல கீழ வச்சிட்டுக் கொஞ்சம் கேளுங்க. இந்த டிவி பிராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டதே நான்தான். என் பொழப்பே அதுதானே, எது எவ்வளவு தாங்கும்னு கம்பெனில நாள் பூரா பாக்கறது.

டிவி பன்னெண்டு கிலோ. இந்த மடக்குக் கம்பிய முழுசா இழுத்தா சுவத்துலேர்ந்து அறுபது சென்டிமீட்டர். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவுல இருபது. டிவி கீழ இறங்கப் பாக்குதா, கீழ்ப்பக்கம் சுவத்த அழுத்தும், மேல் போல்ட் வெளிய வரப் பாக்கும். அதுவும் மூணு மடங்கு, முப்பத்தாறு கிலோ இழுவை. ஆடாம அசையாம நிக்குதேன்னு நாம போயிடறோம், அது படற பாடு அதுக்குத்தான் தெரியும். நான் நூறு தாங்கற மாதிரிதான் போட்டேன்.

அப்புறம் ஏன் மேல் போல்ட் பிடுங்கிக்கிச்சுன்னுதானே? காலைல தூசி தட்டும்போதுதான் நானே பாத்தேன். சுவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கீழ் போல்ட்ட ஆட்டிப் பாருங்க, அசையுதா? இப்ப கம்பி நுனியப் பாருங்க. நாலு விரல் அகலத்துக்குப் பெயின்ட் தேஞ்சிருக்கு. யாரோ பிடிச்சுத் தொங்கியிருக்காங்க. குழந்தைங்களா? இந்த வீட்டுல ஏது தம்பி குழந்தை.

எங்க வீட்டுக்காரர் இருந்தார். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துடுச்சு. நீங்க நிக்கிறீங்களே, அங்கதான் கட்டில். பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு எழுந்து உக்காரச் சொன்னா கண்ண மூடிக்குவார். சாயங்காலம் நான் வந்தா, விட்டுட்டுப் போன மாதிரியே படுத்திருப்பார். எனக்கு ஆத்திரமா வரும். ஒரு முயற்சியும் பண்ணாம என்னைத் தனியா விட்டுட்டுப் போகப் போறாரேன்னு. பேசறதையே குறைச்சிக்கிட்டேன். போன மாசம் போயிட்டார்.

அவரோட நல்ல கை இந்தப் பக்கம்தான். நான் வீட்டுல இல்லாதப்ப எத்தனை தடவை இதைப் பிடிச்சு எழுந்திருக்கப் பாத்தாரோ. விழுந்திருந்தா யாரு இருக்கா தூக்கிவிட. கணக்குல நான் டிவிய மட்டும்தான் போட்டேன், அவரைப் போடல.

பாருங்க, உங்கள நிக்க வச்சே பேசிட்டிருக்கேன். வீட்டுல பேச ஆளில்லையா, யாரு வந்தாலும் பிடிச்சுக்கறேன். என்ன, கம்பிய மடக்கி டிவிய சுவத்தோட ஒட்டி வச்சிடலாமாங்கறீங்களா? வேணாம், கட்டில் இருந்த இடம் வரைக்கும் எட்டட்டும். புதுத் துளைய ஒரு ஜாண் தள்ளிப் போடுங்க. பழைய ஓட்டைய மட்டும் பூசிடாதீங்க தம்பி. அது அவர் இழுத்தது.